கட்டடம் இருக்கு, மடம் இல்லை: இஸ்ஃபஹானின் ஆர்மீனியப் பெண்கள் மடாலயத்துக்கு என்ன ஆனது?

இரானின் இஸ்ஃபஹான் நகருக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடாத ஓர் இடம், நியூ ஜுல்ஃபா பகுதியில் இருக்கும் 'வாங்க்' பேராலயம். வெளியே இருந்து பார்த்தால் சாதாரண செங்கல் கட்டடம். உள்ளே போனால் சுவர் முழுக்கத் தங்க நிறமும் நீலமுமாக ஓவியங்கள்.

'வாங்க்' என்ற ஆர்மீனியச் சொல்லுக்கு 'மடாலயம்' என்று அர்த்தம். அங்கே ஆண் துறவிகளின் மடம் இருந்ததால் வந்த பெயர் அது. இன்றும் டாக்ஸி ஓட்டுநரிடம் 'வாங்க்' என்று சொன்னாலே போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார்.

அதே நியூ ஜுல்ஃபாவில், சார்சூ என்ற குடியிருப்பில், புனித கத்தரீன் ஆலயம் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் மடாலயம்தான். ஒரே வித்தியாசம், அது பெண்களுடையது. 1623-ல் தொடங்கி, 300 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து, 1950-களில் மூடப்பட்டது. இன்று அது வெறும் 'ஆலயம்'. மடம் என்ற சொல் பெயரில் இருந்தும் போய்விட்டது, பேச்சில் இருந்தும் போய்விட்டது.

போரில் இடிக்கப்பட்ட மடங்களின் கதைகள் நிறைய உண்டு. இது இடிக்கப்படவே இல்லை. அப்படியும் தொலைந்துபோனது எப்படி?

முதலில், சில தேதிகள்

- 1604-05: பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆராஸ் நதிக்கரையில் இருந்த ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களை வெளியேற்றி இஸ்ஃபஹானுக்குக் கொண்டுவந்தார்.
- 1623: புனித கத்தரீன் பெண்கள் மடம் தொடக்கம்.
- 1722: ஆப்கன் படை இஸ்ஃபஹானைப் பிடித்தது. நியூ ஜுல்ஃபாவின் வீழ்ச்சி தொடங்கியது.
- 1858: மடத்தில் பெண் குழந்தைகளுக்கான பள்ளி.
- 1950-கள்: மடம் மூடப்பட்டது.

ஆர்மீனியர்கள் இஸ்ஃபஹானுக்கு எப்படி வந்தார்கள்?

விரும்பி வரவில்லை. கொண்டுவரப்பட்டார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்துக்கும் உஸ்மானியப் பேரரசுக்கும் இடையே கடும் போர். இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருந்தது ஆர்மீனிய நிலப்பகுதி. உஸ்மானியப் படை முன்னேறி வந்தபோது, எதிரிக்கு உணவோ தங்குமிடமோ கிடைக்கக் கூடாது என்று ஷா அப்பாஸ் ஊர் ஊராகக் காலி செய்ய வைத்தார். பட்டு வணிகத்தில் செழித்திருந்த ஜுல்ஃபாவும் அப்படித்தான் காலியானது. மக்கள் மீண்டும் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக ஊரே கொளுத்தப்பட்டது. ஆராஸ் நதியைக் கடக்கும்போதும், தெற்கு நோக்கிய நீண்ட நடையிலும் பல ஆயிரம் பேர் இறந்தார்கள்.

ஆனால் ஜுல்ஃபாக்காரர்கள் வெறும் அகதிகளாக நடத்தப்படவில்லை. அவர்களின் வணிகத் திறமை மன்னருக்குத் தேவைப்பட்டது. இஸ்ஃபஹானில் சாயந்தே நதிக்குத் தெற்கே அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பழைய ஊரின் பெயரையே வைத்துக்கொண்டு உருவானதுதான் நியூ ஜுல்ஃபா. அடுத்த நூறு ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாம், வெனிஸ் முதல் சூரத், சென்னை, மணிலா வரை இந்தச் சின்ன ஊர்க்காரர்களின் வணிக வலை விரிந்தது.

பெண்கள் மடம் தொடங்கியது 1623-ல். அதாவது, இடம்பெயர்ந்து 20 ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஊரை இழந்து வந்த ஒரு சமூகம், புது ஊரில் முதலில் எழுப்பிய அமைப்புகளில் ஒன்று பெண்களுக்கான மடம். இதைக் கவனிக்கணும். 1638-ல்தான் நியூ ஜுல்ஃபாவில் சங்கீதப் புத்தகம் அச்சாகி வந்தது. இரான் மண்ணில் அச்சான முதல் புத்தகமாக அது கருதப்படுகிறது. பெண்கள் மடம் அதற்கும் 15 ஆண்டுகள் மூத்தது.

பெண்கள் மடத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

ஆர்மீனியக் கிறிஸ்தவத்தின் தொடக்கக் கதையே பெண் துறவிகளின் கதைதான்.

மரபுப்படி, ஆர்மீனியா கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்ற ஆண்டு 301. அதற்கு முன் ரோமப் பேரரசில் இருந்து தப்பி வந்த ஹ்ரிப்சிமே, காயானே உள்ளிட்ட துறவிப் பெண்களை மன்னர் திரிடாட்டெஸ் கொன்றார் என்றும், அந்தப் பாவத்தின் விளைவாக நோயுற்று, பிறகு மனம் மாறினார் என்றும் அந்த மரபு சொல்கிறது. அந்த இருவர் பெயரிலும் 7-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயங்கள், ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினில் இன்றும் நிற்கின்றன. யுனெஸ்கோ பட்டியலில் 2000-ல் இடம்பெற்றவை அவை.

ஆர்மீனிய மொழியில் பெண்கள் மடத்துக்கு 'குசனாட்ஸ் வாங்க்' என்று பெயர். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் 'கன்னியர் மடம்' என்று சொல்வதற்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும் சொல். மடத்துத் தலைவிக்கு 'மாய்ரபெட்'.

உள்ளே இருந்த பெண்கள் என்ன செய்தார்கள்?

வேளை தவறாத பிரார்த்தனை, பீடத்துக்கான துணிகளில் பூவேலை, ஏழைக் குழந்தைகளுக்குப் படிப்பு. இதெல்லாம் உலகத்தில் எந்தக் கன்னியர் மடத்திலும் பார்க்கக் கூடியதுதான்.

ஆனால் ஆர்மீனியப் பெண்கள் மடங்களில் மற்ற பல இடங்களில் இல்லாத ஒன்று இருந்தது: பெண் திருத்தொண்டர்கள். ஆர்மீனியத்தில் 'சர்கவகுஹி'.

திருத்தொண்டர் என்றால் யார்? திருச்சபையின் படிநிலையில் ஆயர், குரு, அதற்கு அடுத்த படி திருத்தொண்டர். திருப்பலியை நிறைவேற்றுவது குரு. பீடத்தில் அவருக்கு உதவுவது, நற்செய்தியை உரக்க வாசிப்பது, தூபம் காட்டுவது திருத்தொண்டரின் வேலை. மற்ற கிழக்கத்தியத் திருச்சபைகளிலும் பழங்காலத்தில் பெண் திருத்தொண்டர்கள் இருந்தார்கள். காலப்போக்கில் பெரும்பாலான இடங்களில் அந்தப் பதவி மறைந்துவிட்டது. ஆர்மீனியத் திருச்சபையில் மட்டும், முக்கியமாகப் பெண்கள் மடங்களுக்குள், அது 20-ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது.

இதற்குச் சட்ட ஆதாரமும் உண்டு. 1184-ல் ஆர்மீனியச் சட்டத் தொகுப்பை எழுதத் தொடங்கிய மிகிதார் கோஷ் என்ற அறிஞர், பெண் திருத்தொண்டர்களைக் குறிப்பிட்டு அதற்கான காரணத்தையும் சொல்கிறார். பெண்களுக்குப் போதிக்கவும் நற்செய்தி வாசிக்கவும் ஒரு பெண்ணே இருந்தால், ஆண் மடத்துக்குள் வர வேண்டியதில்லை. துறவிப் பெண்ணும் வெளியே போக வேண்டியதில்லை.

காரணம் கொஞ்சம் பழமையானதுதான், மறுக்கலை. ஆனால் விளைவைப் பாருங்க. ஆண்களைத் தள்ளி வைக்கப் போட்ட சுவர், உள்ளே இருந்த பெண்களுக்குப் பீடத்தின் வழியைத் திறந்துவிட்டது. அந்த வழி இருந்ததே மடம் என்ற அமைப்புக்குள்தான். மடம் போனால் வழியும் போகும். இந்தக் கதையில் உண்மையான இழப்பு எது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கு.

சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பணம். ஆட்களும்கூட.

1722-ல் ஆப்கன் படை இஸ்ஃபஹானை முற்றுகையிட்டுப் பிடித்தபோது, நியூ ஜுல்ஃபா மீது பெரும் தண்டத் தொகை விதிக்கப்பட்டது. பணத்தோடு இளம் பெண்களையும் ஒப்படைக்கச் சொன்னதாக அக்கால ஐரோப்பியக் குறிப்பு சொல்கிறது. அடுத்து வந்த நாதிர் ஷா காலத்தில், குறிப்பாக 1740-களில், வரி என்ற பெயரில் வணிகர்கள் பிழியப்பட்டார்கள். தாங்க முடியாதவர்கள் கிளம்பினார்கள். பலருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஊர் இந்தியாதான். 1688-லேயே ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனியோடு ஜுல்ஃபா வணிகர்கள் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

சென்னை பாரிமுனையில் இருக்கும் ஆர்மீனியன் தெரு இந்த வரலாற்றின் மிச்சம்தான். 'ஆர்மீனியக்காரன் தெரு' என்பது மருவி, தமிழில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆனது. அங்கே 1772-ல் கட்டப்பட்ட ஆர்மீனிய ஆலயம் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-ல் சென்னையில்தான் அச்சானது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் மர்மலாங் பாலத்தைக் கட்டிய பெட்ரஸ் உஸ்கானும் ஜுல்ஃபா குடும்பத்தைச் சேர்ந்தவரே. 1751-ல் சென்னையில் இறந்த அவரது உடல் இங்கே அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் தனியாக ஜுல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது.

அந்த ஒரு செய்தியே போதும். உடல் இங்கே, மனசு அங்கே. இந்தியாவில் சம்பாதித்த பணத்தில் ஒரு பங்கு ஜுல்ஃபாவின் ஆலயங்களுக்கும் ஏழைகளுக்கும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வசதியான குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகப் போக, ஊரில் இருந்த அமைப்புகளைத் தாங்கக் கூடிய கைகள் குறைந்தன.

பணம் போனது யாருக்கு?

ஒரு சின்ன ஒப்பீடு. கீழே இருப்பவை எல்லாம் ஜுல்ஃபா ஆர்மீனியர்களோடு தொடர்புடைய கல்வி நிலையங்கள். தேதி வாரியாக வைத்துப் பார்க்கலாம்.

- 1821: கொல்கத்தாவில் ஆர்மீனியக் கல்லூரி. ஆண் பிள்ளைகளுக்கு.
- 1836: வெனிஸில் மூராட்-ரஃபேல் கல்லூரி. ஆண் பிள்ளைகளுக்கு. சென்னையில் வாழ்ந்த இரண்டு ஆர்மீனியச் செல்வந்தர்கள் விட்டுச்சென்ற சொத்தில் உருவானது.
- 1858: நியூ ஜுல்ஃபா புனித கத்தரீன் மடத்தில் பள்ளி. பெண் குழந்தைகளுக்கு.
- 1922: கொல்கத்தாவில் டேவிடியன் பள்ளி. பெண் குழந்தைகளுக்கு.

கொல்கத்தாவில் ஆண் பிள்ளைகளின் பள்ளிக்கும் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கும் இடையே 101 ஆண்டுகள். நியூ ஜுல்ஃபாவில் பெண் கல்விக்கு ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. மடம் இருந்தது, சொல்லிக்கொடுக்கப் பெண்கள் இருந்தார்கள். 1848-ல் புனேயில் சாவித்ரிபாய் பூலே பள்ளி தொடங்கி பத்து ஆண்டுகளில் இது நடந்தது என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சரி, பிறகு ஏன் மூடப்பட்டது?

யாரோ ஒருவர் ஒரே நாளில் பூட்டுப் போட்டதால் அல்ல. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, மக்கள்தொகை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் போனார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வேலை தேடித் தெஹ்ரானுக்கும், எண்ணெய் நிறுவனங்கள் இருந்த தெற்குப் பகுதிக்கும் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 முதல், உலகெங்கும் இருந்த ஆர்மீனியர்களை சோவியத் ஆர்மீனியா 'தாயகம் திரும்புங்கள்' என்று அழைத்தது. சுமார் 90 ஆயிரம் பேர் போனார்கள். இரானில் இருந்து போனவர்களும் அதில் அடக்கம்.

இரண்டாவது, அரசியல். ரெசா ஷா ஆட்சியில், 1930-களின் பிற்பகுதியில், இரானில் இருந்த ஆர்மீனியப் பள்ளிகள் மூடப்பட்டன. 1941-ல் அவர் பதவி விலகிய பிறகே நிலைமை தளர்ந்தது. பள்ளியை நடத்துவதே ஒரு மடத்தின் அன்றாட வேலையாக இருக்கும்போது, அந்த வேலையே சில ஆண்டுகள் நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

மூன்றாவதைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது. மடத்துப் பள்ளி பெண்களைப் படிக்க வைத்தது. படித்த பெண்களுக்கு ஆசிரியர், செவிலியர் என்று வெளியே வேலைகள் திறந்தன. ஒரு தலைமுறைக்கு முன், கல்யாணம் வேண்டாம், படிக்கணும், சமூகத்துக்கு ஏதாவது செய்யணும் என்று நினைத்த பெண்ணுக்கு இருந்த முக்கியமான வழி மடம். அடுத்த தலைமுறைக்கு அது பல வழிகளில் ஒன்று மட்டுமே. மடம் தன் வேலையை நன்றாகச் செய்ததுகூட, அது காலியாவதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த மாற்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மடத்தில் இருந்த ஒரு விஷயம், பீடத்தில் நிற்கும் உரிமை, வெளியே வந்த எந்த வேலையோடும் சேர்ந்து வரவில்லை.

மற்ற ஊர்களில் இருந்த மடங்கள்?

இது நியூ ஜுல்ஃபாவின் கதை மட்டும் இல்லை. இன்னும் இரண்டு ஊர்களைப் பார்க்கலாம்.

ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் புனித ஸ்தெபானோஸ் பெண்கள் மடம் இருந்தது. 1933-ஆம் ஆண்டு நாள்காட்டி ஒன்றின் பதிவுப்படி, அங்கே இருந்தவர்கள் 18 பேர். அவர்களில் 12 பேர் முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்ட பெண் திருத்தொண்டர்கள். மூன்றில் இரண்டு பங்கு! சோவியத் காலத்தில் அந்த மடம் கலைந்தது. கட்டடம் என்ன ஆனது? பழைய நகரின் பெத்லெமி பகுதியில் இன்றும் நிற்கிறது, ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் ஆலயமாக.

இஸ்தான்புல்லில் 1865-ல் காலரா பரவியது. அநாதையான பெண் குழந்தைகளுக்காக, ஸ்ர்புஹி கல்ஃபயான் என்ற துறவிப் பெண் 1866-ல் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அதைச் சுற்றி ஒரு சகோதரிகள் சபை வளர்ந்தது. 1982-ல்கூட அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இன்று கல்ஃபயான் பெயரில் பள்ளி இருக்கிறது. சகோதரிகள் சபை பழையபடி இல்லை.

மூன்று ஊர், மூன்று நாடு, மூன்று விதமான அரசியல். முடிவு மட்டும் ஒன்று: கட்டடமோ பள்ளியோ தப்பித்தது, பெண்களின் அமைப்பு தப்பிக்கவில்லை.

'பாரம்பரியம்' பட்டியலில் இது ஏன் தெரிவதில்லை?

பாரம்பரியப் பட்டியல்கள் பெரும்பாலும் கல்லையும் செங்கல்லையும் கணக்கெடுக்கின்றன. இரானின் ஆர்மீனிய மடாலயங்களை 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் புனித ததேயு, புனித ஸ்தெபானோஸ், சோர்சோர் சிற்றாலயம் என்று வடமேற்கில் இருக்கும் 3 இடங்கள். நியூ ஜுல்ஃபா அந்தப் பட்டியலில் இல்லை.

கட்டடங்களைக் கணக்கெடுப்பதே வீண் என்று சொல்ல வரலை. ஜுல்ஃபாக்காரர்கள் விட்டுவந்த பழைய ஊரின் கதையே அதற்குச் சாட்சி. இன்றைய அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில் இருந்த அந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில், சிலுவை செதுக்கிய நினைவுக் கற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1998-ல் தொடங்கிய இடிப்பு 2005 டிசம்பரில் முழுமையடைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இரானில் இருந்து எடுத்த வீடியோவும், பின்னர் செயற்கைக்கோள் படங்களும் அதைக் காட்டின. கல் இருந்ததால்தான் அது அழிக்கப்பட்டதை நிரூபிக்கவாவது முடிந்தது.

ஒரு மடத்துப் பெண்கள் ஒவ்வொருவராக மூப்படைந்து, புதிதாக யாரும் சேராமல், கடைசிக் கதவு சாத்தப்படும்போது எந்தச் செயற்கைக்கோளும் அதைப் படம் எடுப்பதில்லை. கட்டடம் அங்கேயே இருப்பதால், இழப்பு நடந்த மாதிரியே தெரிவதும் இல்லை.

அப்படின்னா எல்லாம் முடிந்துவிட்டதா?

முழுவதும் இல்லை.

2017 செப்டம்பரில் தெஹ்ரானில், புனித சர்கிஸ் ஆலயத்தில், அங்குள்ள பேராயர் ஓர் இளம் பெண்ணைத் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தினார். அவர் மடத்துத் துறவி அல்ல. சாதாரணப் பங்கு மக்களில் ஒருவர். மடத்தின் சுவருக்குள் மட்டுமே இருந்த பதவி, மடமே இல்லாத காலத்தில் சுவருக்கு வெளியே வந்தது. நடந்த நாடும் இரான்தான் என்பதைக் கவனிக்கலாம். நியூ ஜுல்ஃபாவின் பெண்கள் 300 ஆண்டுகள் வாழ்ந்த அதே நாடு.

இதைச் சிலர் புதுமை என்றார்கள், சிலர் மீறல் என்றார்கள். 'எங்கள் மரபில் பெண்களுக்கு இந்த இடம் இல்லை' என்பது ஆர்மீனியாவில் மட்டும் அல்ல, நம்மூரிலும் பல கோயில், ஆலய விவாதங்களில் கேட்கிற வாசகம்தான். அதைக் கேட்கும்போது ஒரு கேள்வி எழுப்ப வேண்டியிருக்கிறது: மரபில் உண்மையிலேயே இடம் இல்லையா, இல்லை இடம் கொடுத்திருந்த அமைப்பு சத்தமில்லாமல் மூடப்பட்டதால் நாம் மறந்துவிட்டோமா?

ஆர்மீனியர்கள் விஷயத்தில் பதில் தெளிவு. மரபில் இடம் இருந்தது. சார்சூவில் இன்றும் நிற்கிற அந்த ஆலயம்தான் அதன் முகவரி.